பெண்மக்களும் வன்விளையாட்டும்

விழா மலர்களில் எழுதப்புகுவோர் பெரும்பாலும் கடந்த காலத்தின் பெருமையையே விரித்துரைப்பர். அது முறையே. கல்லூரி ஒன்று பல தலைமுறை கண்டு நிமிர்ந்து நிற்குங்கால், அதனை நிறுவியோரையும் வளர்த்தோரையும் நினையாதிருத்தல் நன்றி மறத்தலாகும். ஆயினும், கழிந்தவற்றைப் போற்றும் அளவிலே நின்றுவிடாது, நிகழ்வனவற்றைச் சிறிது ஆராய்ந்து, வருவனவற்றுக்கு வழிகோலுதலும் விழா மலரின் கடனேயாம். அக்கருத்தினால், தீவகத்து இல்லங்கள் பலவற்றில் இன்று எழுந்துள்ள ஒரு வினாவைப் பழைய மாணவர் முன்னும், ஆசிரியர் முன்னும், இளைய மாணாக்கர் முன்னும் வைக்க விழைகின்றோம்.

பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, உடலோடு உடல் மோதும் விளையாட்டுக்களில் ஈடுபடலாமா? பெற்றோர் அதற்கு இசையலாமா? இதுவே அவ்வினா.

வன்விளையாட்டு என நாம் ஈண்டுக் குறிப்பன உதைபந்தாட்டம், கபடி, றக்பி, மல்யுத்தம், குத்துச்சண்டை முதலாயின. ஓட்டமும், நீளம் பாய்தலும், வலைப்பந்தாட்டமும் இவ்வழக்கிற்கு உட்பட்டன அல்ல. அவற்றை நம் சமூகம் பல்லாண்டுகளுக்கு முன்னரே ஏற்றுக்கொண்டுவிட்டது. புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினையிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம், ஆறடி பத்து அங்குல உயரத்தோடு வலைப்பந்தாட்டக் களத்தில் நின்று, 2009 ஆம் ஆண்டிலும் 2018 ஆம் ஆண்டிலும் ஆசியக் கிண்ணத்தை இலங்கைக்கு ஈட்டித் தந்தபோது, யாழ்ப்பாணமே அவரைத் தன் மகளெனக் கொண்டாடிற்று. ஆயின், பிறரைப் பிடித்து வீழ்த்தவும், பிறரால் வீழ்த்தப்படவும் இடந்தரும் ஆட்டம் என்றவுடனே நம் முகம் மாறிவிடுகின்றது.

பாடசாலையிலிருந்து ஒரு தாள் வருகின்றது. வலயப் போட்டிக்குச் செல்லும் அணியில் பிள்ளை சேர்க்கப்பட்டிருக்கின்றாள். பெற்றோர் ஒப்பமிட்டு அனுப்புக என்பது அதன் சாரம். மகனுக்காக வந்த தாளாயின் தந்தை நின்ற நிலையிலேயே ஒப்பமிட்டுவிடுவார். மகளுக்காக வந்த தாளோ இரண்டு நாள் சுவாமிப் படத்தின் கீழ்க் கிடக்கின்றது. தாய் தந்தையைப் பார்க்கின்றாள். தந்தை அம்மம்மாவைப் பார்க்கின்றார். அம்மம்மா அயல்வீட்டு வேலியைப் பார்க்கின்றார். மூன்றாம் நாள், ஒப்பமில்லாத் தாளோடு பிள்ளை பாடசாலைக்குச் செல்கின்றாள். வன்சொல் எதுவும் கூறப்படவில்லை. தடை எதுவும் விதிக்கப்படவில்லை. ஆயினும் அந்த வீட்டில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது.

நாமும் அத்தகைய தாள் ஒன்றைக் கையிற் பெற்ற தந்தை ஒருவரே. எம் மகள் உதைபந்து ஆடுபவள். முழங்காலிற் சிராய்ப்பும் காலுறையிற் செம்மண்ணுமாய் வீடு திரும்புபவள். ஆதலின், கரையில் நின்றுகொண்டு கடலில் உள்ளார்க்கு அறிவுரை கூறுவாரைப் போல யாம் எழுதவில்லை. பந்தை நோக்கி இரு பெண்கள் ஒருங்கே ஓடிவருங்கால் பெற்ற நெஞ்சு எவ்வாறு துணுக்குறும் என்பதை நன்கறிந்தே எழுதுகின்றோம்.

மறுப்போர் கூறுவனவற்றைத் தொகுத்து நோக்கின், மரபு, உடல், ஊர்வாய், கல்வி என அவை நான்காய் அடங்கும். அவற்றை முறையே ஆராய்வோம்.

முதலாவது மரபு. பெண்ணின் இயல்பு மென்மை. ஆதலின் அவளுக்குரிய விளையாட்டும் மென்மையானதே என்பர். பிள்ளைத்தமிழ் நூல்களைச் சான்றுகாட்டுவாரும் உளர். ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் பருவங்களும், பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்னும் பருவங்களும் வகுக்கப்பட்டமை உண்மையே. ஆயின் அம்மரபின்வழி மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் எப்பெண்ணைப் பாடினார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அம்மானை ஆடுக என்றும் ஊசல் ஆடுக என்றும் அழைக்கப்படும் அப்பெண்ணே, படையெடுத்துத் திக்குவிசயஞ் செய்த தடாதகைப் பிராட்டியார். இரண்டும் ஒருத்திக்கே உரியன. ஊசலாடிய கையே வில்லையும் வளைத்தது என்பதில் நம் முன்னோர்க்கு முரண் எதுவும் தோன்றவில்லை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. மகப்பேறு வேண்டி வேள்வி செய்த மலயத்துவச பாண்டியன், வேள்வித் தீயில் ஆண்மகவு தோன்றாது பெண்மகவு தோன்றியமை கண்டும், அதன் உருவிலிருந்த வேறுபாடு கண்டும் வருந்துகின்றான். அப்போது அவனுக்குக் கிடைத்த இறைவாக்கு, அவளை அடக்கி வளர்க்குமாறு கூறவில்லை. மைந்தனுக்குச் செய்வன யாவும் அவளுக்குச் செய்யுமாறே பணித்தது. அவ்வாறே அவன் அவளுக்குப் படைக்கலப் பயிற்சியும் அளித்தான். மகளை எண்ணி மனங்கலங்கிய தந்தையர் வரிசையில் அப்பாண்டியனையும் வைத்து எண்ணுதல் வேண்டும். புராணபடனம் கேட்டுத் தலையசைக்கும் நாம், அத்தந்தை பெற்ற விடையையும் கேட்டல் தகும்.

பந்து ஆண்மக்களுக்கே உரியதெனக் கூறுவாருக்கும் நூல்களே விடை பகரும். கொங்குவேளிரின் பெருங்கதையில் பந்தடி கண்டது என ஒரு பகுதியே உண்டு. மகளிர் ஒருவரையொருவர் விஞ்சிப் பந்தாடும் போட்டி அது. குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லி, கதையினுள் வந்தவுடன் பந்தடிக்கின்றாள். நம் தீவுகளின் முற்றங்களிலோ, கொக்கான் வெட்டிய அதே சிறுமியர், நிலவுக் காலங்களில் ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து கிளித்தட்டு மறித்ததை முதியோர் பலர் நினைவு கூர்வர். கிளித்தட்டில் உந்தலும் உண்டு, வீழ்தலும் உண்டு. பூப்பெய்தியவுடனே அது நின்றுவிடும். நின்றது உடல் தளர்ந்தமையால் அன்று, வேலி உயர்ந்தமையால்.

ஆயினும், புராணச் சான்றோடு இவ்வழக்கை முடித்துவிட நாம் விரும்பவில்லை. பிராட்டியாரின் எலும்பு முறிவதில்லை. எம் மகளின் எலும்பு முறியும். ஆதலின் இரண்டாவது தடையாகிய உடல் பற்றி நேர்மையாகப் பேசுதல் வேண்டும்.

பெண்ணுடல் இவ்வாட்டங்களைத் தாங்காது என்னும் கூற்று நம் ஊரிற் பிறந்ததன்று. 1920 ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், டிக் கெர் மகளிர் அணி ஆடிய உதைபந்தாட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டு, 1921 டிசம்பர் 5 ஆம் நாள், அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம், இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாதெனத் தீர்மானித்துத் தன் கீழுள்ள மைதானங்களை அவர்களுக்கு மூடிற்று. அத்தடை நீங்க ஐம்பது ஆண்டு சென்றது. பிறேசில் 1941 இல் சட்டத்தாலே தடுத்தது. 1979 இலேயே விடுத்தது. மேற்கு ஜேர்மனியின் சங்கம் 1955 இல் தடுத்து 1970 இல் விடுத்தது. அந்த ஜேர்மனியின் பெண்கள் 2003 இலும் 2007 இலும் உலகக் கிண்ணத்தை வென்றனர். பெண்ணுடலைக் காக்கின்றோம் எனப் பேரறிஞரும் பெருஞ்சங்கங்களும் கூறியது காலத்தால் பொய்த்தது. நம் அச்சம் இயற்கையானதே. ஆனால் அது நம் பண்பாட்டிற்கே உரிய தனியுடைமையன்று என்பதற்காகவே இவற்றைக் கூறினோம்.

இனி, மெய்யான இடர்கள் யாவை? முதலாவது, முழங்காலினுள்ளே முன்புறமாய்க் குறுக்கே செல்லும் இணைநாண் அறுதல். ஒரே வகை ஆட்டத்தை ஆடும் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இது இரு மடங்குக்கு மேல் நேர்கின்றதென்பது மருத்துவர் கண்ட உண்மை. பாய்ந்து நிலத்தில் ஊன்றும் முறை, இடுப்பின் அமைப்பு, தொடைத் தசைகளின் வலு ஆகியன அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இரண்டாவது, தலையில் அடிபடுவதால் உண்டாகும் மூளை அதிர்ச்சி. இது வெளியே காயம் காட்டாது. தலைவலி, மயக்கம், குமட்டல், தடுமாற்றம் எனப் பின்னரே வெளிப்படும். மூன்றாவது, குருதியில் இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையை அளவிறந்து ஆடச் செய்வதால் வரும் சோர்வு.

இவை இல்லையென்று கூறும் பயிற்றுநரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைத்தல் ஆகாது. ஆயின் இவை நீக்கமுடியாதனவும் அல்ல. நோர்வே நாட்டில், பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ள ஏறத்தாழ 1,900 உதைபந்தாட்டச் சிறுமியரை வைத்து நடத்திய ஆய்வொன்று 2008 இல் வெளியாயிற்று. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் முறைப்படி உடலைச் சூடாக்கி, தசைகளை வலுப்படுத்தி, சமநிலையும் ஊன்றும் முறையும் பழகிய அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுங்காயங்கள் ஏறத்தாழப் பாதியாயின. இதற்குப் பொன்னும் வேண்டா, பொறியும் வேண்டா. அறிந்த ஆசிரியர் ஒருவரும், இருபது நிமிடப் பொறுமையும் போதும். தலையில் அடிபட்டாள் என ஐயம் எழுந்தாற்கூட, அன்று அவளை மீண்டும் களத்தில் இறக்காதிருத்தல் என்னும் ஒரு விதியும் வேண்டும்.

மறுபுறத்தையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி அறுபது நிமிடமேனும் உடலை உழைக்கச் செய்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 2016 ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, உலகின் பதின்ம வயதுப் பெண்களுள் நூற்றுக்கு 85 பேர் அந்த அளவை எட்டவில்லை. ஆண்களுள் 78 பேர் எட்டவில்லை. எலும்பின் திண்மையிற் பெரும்பங்கு இந்த வயதிலேயே சேமிக்கப்படுகின்றது. ஓடியும் குதித்தும் சேர்க்காத அச்செல்வத்தை நாற்பதிலும் ஐம்பதிலும் தேடிப் பெற இயலாது. களத்தில் வீழும் பிள்ளைக்கு ஓர் இடர் உண்டெனின், கதிரையிலேயே இருக்கும் பிள்ளைக்கும் ஓர் இடர் உண்டு. பின்னது ஓசையின்றி வருதலின் நாம் அதற்கு அஞ்சுவதில்லை.

இன்னொன்றையும் எண்ணுக. நன்னீர் அரிதான நம் தீவுகளில், குடத்தை இடுப்பிலேற்றி நெடுந்தூரம் நடந்த பெண்களின் முதுகைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. பனங்கருக்கில் கைகிழிபட்டு மட்டை சுமந்த சிறுமியரின் தோலைப் பற்றியும் எவரும் பேசவில்லை. உழைப்பிற்காகப் பெண்ணுடல் நோவது இயல்பு, மகிழ்ச்சிக்காக நோவது மட்டும் பிழை என்னும் கணக்கு எவ்வாறு நேராகும்?

ஆயினும் தீவகத்துப் பெற்றோர்க்கு மட்டுமே உரிய அச்சம் ஒன்று உண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிட ஒண்ணாது. நகரத்துப் பிள்ளையின் கால் முறியின், அரைமணியில் யாழ். போதனா வைத்தியசாலையை அடையலாம். நெடுந்தீவுப் பிள்ளைக்கு இடையே கடல் உண்டு. குறிகட்டுவானை அடைய ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணம். காற்றுக் கடுத்த நாளில் அதுவும் ஐயம். கடற்படைப் படகில் நோயாளரை ஏற்றி அனுப்பும் நிலைமையை நாம் அறிவோம். ஆகவே, நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் உள்ள பெற்றோர் தயங்கினால், அவரை அறியாமை உடையவர் என்று பழித்தல் தகாது. அவர் கேட்கும் கேள்வி நியாயமானது. மகளைத் தடுத்தல் அதற்கு விடையன்று. முறிந்த எலும்பை அசையாது கட்டத் தெரிந்த ஒருவரும், தூக்குக் கட்டிலும், அவசர வேளையில் படகுக்கு அழைக்க வேண்டிய ஒழுங்கும் ஆட்டம் தொடங்குமுன்னரே ஆயத்தமாயிருத்தலே விடை.

மூன்றாவது தடை ஊர்வாய். சேலையும் முள்ளும் பற்றிய பழமொழியைக் கூறாத அம்மம்மா நம் ஊரில் இல்லை. காலிற் தழும்புள்ள பெண்ணை யார் கொள்வார் என்பது ஒரு கேள்வி. அரைக்காற்சட்டை அணிந்து ஆடவர் முன் ஓடுவதா என்பது மற்றொன்று.

தழும்பு பற்றிய கேள்விக்கு நாம் கூறுவது சுருங்கியதே. முழங்காற் தழும்பைக் கண்டு திரும்பிச் செல்லும் மாப்பிள்ளை, பின்னர் வாழ்க்கையில் வரும் பெரிய நோவுகளின்போது எங்கே நிற்பான்? அவன் முன்னரே திரும்பிச் செல்லுதல் பெண் வீட்டார்க்கு ஊதியமே. உடை பற்றிய கேள்விக்கு ஈரான் நாட்டுப் பெண்கள் விடை தந்துள்ளனர். ஆசிய விளையாட்டு விழாவில் மகளிர் கபடி 2010 ஆம் ஆண்டிலே சேர்க்கப்பட்டது. தலையையும் கையையும் காலையும் மூடிய உடையோடு களமிறங்கிய ஈரான் பெண்கள், 2018 இல் இந்தியாவையே வென்று பொற்பதக்கம் கொண்டனர். உடையை ஒழுங்கு செய்துகொள்ளலாம். ஆட்டத்தைத் தடுப்பதற்கு உடை ஒரு காரணமாகாது. காரணம் தேடுவார்க்கு அது ஒரு துணையாகலாம்.

ஊர்வாய் மாறும் என்பதற்கும் அண்மையிலேயே சான்று உண்டு. பாவலர் துரையப்பாபிள்ளை 1910 இல் நிறுவிய தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி, அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் முதலிடம் பெற்று மீண்டபோது, தோட்டமும் துரவுமாய் வாழ்ந்த அந்த ஊரார் வெட்கப்படவில்லை; மாலையிட்டனர். கடலுக்கு அப்பால், சென்னை மாநகரின் ஓரத்தே, குடிபெயர்க்கப்பட்ட ஏழை மக்கள் வாழும் கண்ணகி நகர் என்பது நெடுங்காலம் இகழ்ச்சியோடு பேசப்பட்ட இடம். அங்கிருந்து வந்த கார்த்திகா என்னும் பெண், 2025 இல் பஹ்ரேனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டு விழாவில் பொற்பதக்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத்தலைவியாய் விளங்கினாள். கண்ணகி நகர் என்னும் பெயரைத் தமிழகம் அன்று வேறு குரலில் உச்சரித்தது. ஊர்வாய்க்கு அஞ்சி மகளை அடக்குகின்றோம். மகள் வென்றுவரின் அவ்வாயே வாழ்த்துப்பா பாடுகின்றது. இத்தகைய வாயை நடுவராய் வைத்து நாம் ஏன் தீர்ப்புப் பெறவேண்டும்?

இவ்விடத்தில், புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல். 1990, 91 ஆம் ஆண்டுகளின் பேரிடப்பெயர்வுக்குப் பின் தீவகத்தவர் உலகெங்கும் பரந்தனர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உங்கள் பெண்மக்கள் பனியிலும் மழையிலும் பந்து உதைக்கின்றனர். அதனைக் காண நீங்களே வண்டியோட்டிச் செல்கின்றீர்கள். நன்று. ஆயின், ஊரிலுள்ள தமையனோ தமக்கையோ தொலைபேசியில் வினவும்போது மட்டும், எங்கள் ஊருக்கு இது சரிவராது என்று கூறுகின்றீர்களே, அது என்ன நியாயம்? ஊரை நீங்கள் விட்டுச்சென்ற நாளில் இருந்தபடியே காக்கவேண்டும் என்னும் ஆசை புரிகின்றது. ஆனால் அந்த ஆசையின் விலையை இங்குள்ள பெண்பிள்ளைகள் செலுத்துதல் கூடாது.

நான்காவது தடை கல்வி. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை அண்மிக்கும் வயதில் ஆட்டம் எதற்கு என்பர். பரீட்சைக்கு முன்னுள்ள சில திங்கள் ஆட்டத்தைக் குறைத்தல் அறிவுடைமையே; ஆசிரியர் என்ற வகையில் அதனை நாமே வலியுறுத்துவோம். ஆயின், மாலையில் ஒரு மணிநேரம் ஆடாத பிள்ளை அந்நேரத்தைப் புத்தகத்தோடு கழிக்கின்றாள் என்பது கைத்தொலைபேசி வந்த பின்னர் எவரும் நம்பத்தகாத கதை. மேலும், விளையாட்டில் மிகச் சிறந்தோர்க்குப் பல்கலைக்கழக அனுமதியில் ஒரு சிறப்பேற்பாடு இந்நாட்டில் உண்டென்பதையும் பெற்றோர் அறிதல் நன்று.

இந்நான்கும் வெளிப்படையாகக் கூறப்படுவன. வெளியே கூறப்படாத ஐந்தாவது ஒன்று உண்டு. அதுவே மெய்யில் மிகப் பெரிது. பிள்ளை யாரோடு செல்கின்றாள்? எங்கே தங்குகின்றாள்? பயிற்றுநர் எத்தகையவர்? இறுதிப் படகைத் தவறவிட்டால் அவ்விரவு எவ்வாறு கழியும்? இவ்வச்சத்தை நாம் பழமைவாதம் என ஒதுக்கமாட்டோம். 2023 ஆம் ஆண்டு சனவரியில், ஒலிம்பிக் பதக்கம் பெற்ற மல்லர்களே பாலியல் துன்புறுத்தல் நிகழ்ந்ததெனக் குற்றஞ்சாட்டித் தில்லித் தெருவில் அமர்ந்ததை உலகம் கண்டது. புகழ்பெற்றோர்க்கே தம் குறையைக் கூறத் தெருவரை வரவேண்டியிருந்தது என்றால், பதினைந்து வயதுத் தீவுப் பெண்ணுக்கு எவ்வளவு அரிது!

ஆதலின், பெற்றோர் ஒப்பமிடுக. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடற்க. வெளியூர்ப் பயணம் ஒவ்வொன்றிலும் பெண் ஆசிரியர் ஒருவர் உடன்செல்லல் வேண்டும். பயிற்றுநர் எவரும் பிள்ளை ஒருத்தியோடு தனித்திருத்தல் ஆகாது. தங்குமிடத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் முன்னரே பெற்றோர் கைக்கு வருதல் வேண்டும். முறையீடு கூற அணிக்கு வெளியே ஓர் ஆசிரியை குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவற்றைக் கேட்கும் பெற்றோரைத் தொல்லை தருபவர் எனக் கருதும் பாடசாலை, பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லும் தகுதியை இழந்துவிட்டது என்போம்.

பாடசாலையில் நாம் பன்முறை கண்ட ஒன்றை ஈண்டுக் கூறல் பொருந்தும். வகுப்பிற்கு நொண்டி வரும் பெண்பிள்ளையை வினவினால், படியில் வழுக்கிற்று என்பாள். அண்மையிற் சென்று மெல்ல வினவினால், மைதானத்தில் அடிபட்டது. வீட்டிற் கூறினால் இனி விடமாட்டார்கள் என்பாள். நோவினும் பெரிதாய்த் தடையை அஞ்சும் பிள்ளை நோவை மறைக்கின்றாள். மறைத்த நோவோடு மீண்டும் ஆடுகின்றாள். சிறு பிசகு பெருங்கேடாகின்றது. அரைமனதோடு விடும் வீடுகளிலேயே இது மிகுதியும் நிகழ்கின்றது. அடிபட்டதைக் கூறினால் அன்று மருந்து கிடைக்கும், நாளை மைதானமும் கிடைக்கும் என்னும் உறுதி இருக்கும் வீட்டிற் பிள்ளை மறைப்பதில்லை. இசைவு என்பது தாளில் இடும் ஒப்பத்தோடு முடிவதன்று.

இதன் மறுபக்கமும் உண்டு. தம் நிறைவேறாத ஆசையை மகளின் காலிற் கட்டி ஓடவிடும் பெற்றோரும் இனி வருவர். அயல்நாட்டுத் தொலைக்காட்சியும் திரைப்படமும் அவ்வாசையை வளர்க்கும். ஆடமாட்டேன் என்று கூறும் உரிமை, ஆடுவேன் என்று கூறும் உரிமையோடு பிறந்த இரட்டை. அவள் உடல் அவளுடையது என்பதை ஏற்பதனாலன்றோ ஆட இசைகின்றோம். அவள் நிறுத்த விரும்பும் நாளிலும் அதனையே ஏற்றல் வேண்டும்.

இவ்வளவு இடருக்கும் ஈடாகப் பிள்ளை பெறுவது யாது? கிண்ணங்களும் சான்றிதழ்களும் சிலர்க்கே கிடைக்கும். எல்லார்க்கும் கிடைப்பது வேறொன்று. கபடியில் எதிர்ப்பாசறைக்குள் தனியே நுழையும் பெண், எழுவர் சூழ, அடக்கிய ஒரே மூச்சில், எப்போது தொடுவது, எப்போது மீள்வது எனத் தானே முடிவுசெய்கின்றாள். பிடிபட்டு வீழ்ந்தால் எழுந்து வெளியேறுகின்றாள்; தோழி ஒருத்தி புள்ளி பெற்றால் மீண்டும் உள்ளே அழைக்கப்படுகின்றாள். வீழ்ச்சி முடிவன்று என்பதையும், தன் மீட்சி பிறர் முயற்சியிலும் தங்கியுள்ளது என்பதையும் அவள் உடலாற் கற்கின்றாள். நாம் இலக்கிய பாடத்தில் ஓராண்டு முயன்றும் மனத்தில் ஏற்ற இயலாத பாடம் இது. மேலும், தன்னை ஒருவன் கையைப் பிடித்து இழுத்தால் உறைந்து நிற்காத பெண்ணை வளர்க்க விரும்பாத பெற்றோர் உண்டோ? தள்ளினால் ஊன்றி நிற்கப் பழகிய உடலுக்கு வேண்டாம் என்று உரத்துக் கூறும் குரலும் எளிதில் வரும்.

இறுதியாக, பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழாக் காலங்களில் வளைவும் மதிலும் மண்டபமும் எழுப்புதல் நம் வழக்கம். ஆண்பிள்ளைகளின் துடுப்பாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் நீங்கள் வாரி வழங்கியதை நாம் அறிவோம். இவ்விழாவின் நினைவாக, பெண்பிள்ளைகளுக்கென ஒரு பங்கை ஒதுக்குக. முருகைக்கல்லும் நெருஞ்சி முள்ளும் நிறைந்த நிலத்தில் வீழ்வது ஒன்று. சமன்செய்து மணலும் புல்லும் இட்ட நிலத்தில் வீழ்வது வேறொன்று. பெண்கள் கபடிக்கு வேண்டுவது பன்னிரண்டு மீற்றர் நீளமும் எட்டு மீற்றர் அகலமும் உள்ள ஒரு மென்றளமே. அணிக்குக் களத்தில் எழுவர் போதும். மாணவர் தொகை அருகிய நம் தீவுப் பாடசாலைகளுக்கு இதனினும் ஏற்ற ஆட்டம் பிறிதில்லை. தாழ்ப்பாள் உள்ள கதவோடும் நீரோடும் கூடிய ஓர் உடைமாற்றும் அறை, கீழ்க்காலைக் காக்கும் காப்புகள், முதலுதவிப் பெட்டி, தூக்குக் கட்டில், பயிற்சி பெற்ற பெண் பயிற்றுநர் ஒருவருக்குரிய வேதனம், வெளித்தீவுப் பிள்ளைகள் போட்டிக்கு வந்து தங்கும் செலவு ஆகியவற்றுக்கு ஒரு வளைவு கட்டும் பணம் போதும். வளைவின் மேல் உங்கள் பெயர் இருக்கும். இதிலோ பெயர் இராது. ஆனால் இரண்டு நாள் சுவாமிப் படத்தின் கீழ்க் கிடக்கும் தாள்களில் ஒப்பம் விழும்.

பெற்றோரைத் துணிக என்று கூறுவது எளிது. துணிவதற்குரிய நிலத்தைச் சமன்செய்து கொடுத்தபின் கூறுவதே அறம். அதனைக் கல்லூரியும் சங்கமும் செய்யுமாயின், எஞ்சியதை வீடுகள் செய்யும். கல்லூரித்தாய் தன் ஆண்மக்களின் வெற்றியோடு பெண்மக்களின் வெற்றியையும் எண்ணி மகிழும் நாள் விரைந்து வருவதாக. வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் மைந்தரும் மகளிரும்!